பதினோரு பேருக்கு ஒரு ரன்னர்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் உலகக் கோப்பையில் இந்திய அணி முதல் சுற்றோடு வீடு திரும்பியபோது, தாம்பரத்தில் இருந்த அளவைகள் மறுசரிபார்ப்புத் துறையின் மண்டல அலுவலகம் மூன்று நாள் வேலை செய்யவில்லை. அதற்கு முன்பும் அது பெரிதாக வேலை செய்ததில்லை என்று யாராவது சொல்லலாம். ஆனால் இந்த மூன்று நாளும் துக்கத்தோடு வேலை செய்யவில்லை.

தோல்விக்கான காரணங்கள் மேசைவாரியாக அலசப்பட்டன. இடக்கை ஆட்டக்காரர்கள் போதவில்லை என்றது ஒரு கட்சி. ஆட்களுக்கு உடம்பில் தெம்பில்லை என்றது இன்னொரு கட்சி. இந்த ஆராய்ச்சி முடிவுகள் இந்திய அணியின் தேர்வாளர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை. துறையின் தலைமையகத்திலும் இதே ஆராய்ச்சிதான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை இறங்கியது. அலுவலகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் கோப்பைக்கு இனி ஒவ்வொரு அணியிலும் ஐந்து இடக்கை ஆட்டக்காரர்கள் இருந்தாக வேண்டும். அணியினர் அனைவரும் உடல் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அப்படித் தேர்வாகும் பதினோரு பேரை ஓராண்டுக்கு இடமாறுதல் செய்யக் கூடாது.

முதல் இரண்டையும் ஒருமுறை படித்தார்கள். மூன்றாவதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முந்தைய வருஷங்களில் பதினோரு பேர் சேர்ப்பதற்குள் உதவியாளர் சுவிசேஷமுத்துவுக்கு நாக்குத் தள்ளிவிடும். அணிக்கு ஆள் பிடிப்பவரும் அவர்தான், ஆட்டம் ஆடுபவரும் பெரும்பாலும் அவர்தான். பம்மலில் வீடு. வயது முப்பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் திருநீர்மலை அடிவாரத்து மைதானத்துக்குப் போய்விடுவார். இடது கையால் அவர் ஒரு கவர் டிரைவ் அடித்தால் மலைக்குப் போகிற பக்தர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். இந்த வருஷம் அவர் யாரையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் முப்பத்துநான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நடக்கும்போது மூச்சு வாங்குகிற கண்காணிப்பாளர் தோத்தாத்ரி தொடக்க ஆட்டக்காரராக விண்ணப்பித்திருந்தார்.

சுவிசேஷமுத்துவுக்கும் அந்த மூன்றாவது விதி தேவையாகத்தான் இருந்தது. மாறுதல் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே கமுதி என்று போட்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. மனைவி புஷ்பம் பம்மலிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் ஜென்சி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

"நீங்க கவலைப்படாதீங்க. உங்களை விட்டா அங்க யாரு இருக்கா?" என்றாள் புஷ்பம். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்குகிற ஒரு வியாதி என்பதற்கு மேல் அதைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள விரும்பியதில்லை.

தேர்வுக் குழுவின் தலைவர் மண்டல அலுவலர் தட்சிணாமூர்த்தி. அவர் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் எந்த ஆட்டத்தையும் டி.வி.யில் தவறவிட்டதில்லை, எனவே அனுபவசாலி. தொழில்நுட்ப ஆலோசகராக ரிக்கார்டு கிளார்க் பூவராகன் உட்கார்ந்திருந்தார். அவரும் விண்ணப்பதாரர்தான். அதில் முரண்பாடு எதுவும் இருப்பதாகக் குழு கருதவில்லை.

"நீங்க இடக்கையா, வலக்கையா?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி.

சுவிசேஷமுத்து சிரித்துவிட்டார். "சார், பதினோரு வருஷமா பார்க்கறீங்களே. இடக்கை."

"அதை ரிக்கார்டு பண்ணணும் இல்ல? பேட்டைப் புடிக்கும்போது மேல எந்தக் கை இருக்கும்?"

"வலது கை, சார்."

தட்சிணாமூர்த்தி பூவராகனைப் பார்த்தார். பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆட்டத்துல மேல் கைதான் எல்லாம், சார். பேட்டை ஓட்டறதே அதான். கீழ இருக்கற கை சும்மா தொணைக்கி வந்துகினு கீது. எல்லா கமெண்டரியிலயும் சொல்றாங்களே."

"அப்ப இவர் வலக்கை."

"வலக்கைதான், சார்."

சுவிசேஷமுத்து பூவராகன் பக்கம் திரும்பினார். "அப்ப வலது பக்கம் நின்னு ஆடறவங்கல்லாம் யாரு, பூவராகன்?"

"அவங்களுக்கு மேல் கை இன்னா? இடது. அவங்கதான் இடக்கை."

குழு இந்த விளக்கத்தை ஒருமனதாக ஏற்றது. விண்ணப்பித்தவர்களில் முப்பத்துமூன்று பேர் வலது பக்கம் நின்று ஆடுகிறவர்கள், அல்லது நின்றால் அப்படி ஆடக்கூடியவர்கள். தாம்பரம் அலுவலகம் ஒரே பிற்பகலில் முப்பத்துமூன்று இடக்கை ஆட்டக்காரர்களைப் பெற்றது. துறை வரலாற்றில் அப்படி ஒரு வளம் வேறு எந்த மண்டலத்துக்கும் வாய்த்ததில்லை.

"சரி, அஞ்சு இடக்கைதானே வேணும்? மீதி ஆறுல நான் வலக்கையாவே இருந்துட்டுப் போறேன்" என்றார் சுவிசேஷமுத்து.

"தாராளமா. உடல் தகுதிச் சான்றிதழ்?"

அது அவரிடம் இல்லை. மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள்தான் அந்தச் சான்றிதழைக் கொடுப்பார்கள். பதினாறு வருஷ சர்வீஸில் சுவிசேஷமுத்து ஒருநாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை.

பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த தட்சிணாமூர்த்தி உண்மையாகவே வருத்தப்பட்டார். "தோத்தாத்ரிக்கு நாலு சான்றிதழ் இருக்கு. ரெண்டு தடவை மஞ்சள் காமாலை, ஒரு தடவை சிக்குன்குனியா, போன வருஷம் நெஞ்சு வலி. ஒவ்வொரு தடவையும் முழுத் தகுதியோட இருக்கார்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். உங்களுக்கு உடம்புக்கு வந்ததே இல்லையே, சார். வந்தாத்தானே சரியாச்சான்னு சொல்ல முடியும்?"

"இப்பப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடட்டுமா?"

"இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. அதுக்குள்ள நீங்க சீக்காகி, லீவ் போட்டு, குணமாகணும்."

மணி நாலேகால் ஆகியிருந்தது.

இப்படியாக அணி அமைந்தது. முதுகு வலிக்காரர் மூவர், சிறுநீரகக் கல் இருவர், நெஞ்சு வலி ஒருவர், குடலிறக்கம் பூவராகன், மற்றவர்கள் பலவகை. சான்றிதழ்களின் எண்ணிக்கையை வைத்துத் தோத்தாத்ரி கேப்டனானார். சுவிசேஷமுத்துவுக்கு ஸ்கோர் எழுதும் பொறுப்பு வழங்கப்பட்டது.

மே மாதம் பல்லாவரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மண்டலப் போட்டி நடந்தது. எதிரணி செங்கல்பட்டு அலுவலகம். அங்கேயும் இதே சுற்றறிக்கைதான் போயிருந்தது. அவர்கள் முதலில் ஆடி முப்பத்தெட்டு ரன் எடுத்தார்கள். அதில் இருபத்தொன்பது வைடு.

பிறகு தாம்பரம் இறங்கியது. கால் பேடுக்கு வார் கட்டும்போதே தோத்தாத்ரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஓட முடியாத ஆட்டக்காரர் தனக்குப் பதிலாக ஓட ஒரு ரன்னர் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஆனால் அந்த ரன்னரும் பதினோரு பேரில் ஒருவராக இருக்க வேண்டும். பதினோரு பேரில் ஓடக்கூடியவர் யாரும் இல்லை. செங்கல்பட்டு கேப்டனும் மனிதாபிமானி. தவிர, மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வெளி ஆள் ஓடுவதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவிசேஷமுத்து ஸ்கோர் நோட்டைக் கீழே வைத்தார். மறுமுனைக்கு அலுவலக ஜீப் டிரைவர் ஜெயக்கொடி இறங்கினார்.

பந்து மட்டையில் தற்செயலாகப் பட்டு நாலடி தூரம் உருளும். இருவரும் ஓடுவார்கள். செங்கல்பட்டில் பந்தை எடுக்கக் குனியக்கூடியவர்கள் இரண்டு பேர்தான், அவர்களும் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்றார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் மூன்று ரன். தோத்தாத்ரி அவுட்டானதும் சுவிசேஷமுத்து அடுத்து வந்தவருக்கு ஓடினார். அவர் போனதும் அதற்கடுத்தவருக்கு. பத்து ஓவரில் தாம்பரம் வென்றது. சுவிசேஷமுத்துவின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் பிடித்திருக்கலாம்.

மறுநாள் அவர் தட்சிணாமூர்த்தியின் அறைக்குப் போனார்.

"சார், அந்த முப்பத்தொன்பது ரன்ல பாதி நான் ஓடினது. கமுதி விஷயம் கொஞ்சம் பார்க்கணும். பொண்ணு பத்தாவது."

"ஓடினீங்க, இல்லேங்கல. ஆனா அடிச்சது நீங்க இல்லையே. ஸ்கோர் நோட்டுல உங்க பேர் எங்கயாவது இருக்கா?"

"நோட்டு எழுதினதே நான்தான், சார்."

"அப்ப உங்களுக்கே தெரியும்."

ஜூன் முதல் வாரம் மாறுதல் ஆணை வந்தது. பதினோரு பேரும் சேர்ந்து பிரிவு உபசார விழா நடத்தினார்கள். வெற்றிக்கு உழைத்த விளம்பரமற்ற மனிதர் என்று தோத்தாத்ரி பேசினார். சுவிசேஷமுத்து எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கமுதி அலுவலகத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். அங்கே சான்றிதழ் பார்த்தால் அணியே கிடையாது என்பதால் யாரும் பார்க்கவில்லை. எதிரணிகள் வரிசையாக மருத்துவ விடுப்பில் போனதில், ஒரு பந்துகூட வீசாமல் கமுதி இறுதிப் போட்டிவரை வந்திருந்தது. அங்கிருந்த அலுவலர் சரோஜினி அம்மாள் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பேட் புடிப்பீங்களா, சார்? ஒரு ஆள் குறையுது."

ஆகஸ்டில் திருச்சியில் இறுதிப் போட்டி. எதிரே தாம்பரம். இந்த முறை ரன்னர் யாரும் கிடைக்கவில்லை, ஜெயக்கொடிக்குக்கூட டிரிப் இருந்தது. தாம்பரம் பதினேழு ரன். சுவிசேஷமுத்து இடது பக்கம் நின்று ஆறு பந்தில் கணக்கை முடித்தார். கடைசிப் பந்து பந்தலுக்கு மேலே போய் விழுந்தபோது, கவரில் நின்ற பூவராகன் கைதட்டிவிட்டு அப்புறம்தான் கையை இறக்கினார்.

தலைமையகம் விசாரித்தது. தோற்ற அணியினருக்கு விளையாட்டு வீரர் என்ற தகுதி தோற்ற நாளிலிருந்து காலாவதியாகிறது என்று கண்டறிந்தது. பதினோரு பேருக்கும் பதினோரு திசையில் ஆணை போனது. தாம்பரத்தில் பதினோரு நாற்காலி காலி. சுவிசேஷமுத்து அன்றைக்கே தாம்பரம் கேட்டு மனுப் போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மனுதாரர் கோப்பை வென்ற அணியின் உறுப்பினர். அணியின் உறுப்பினரை ஓராண்டுக்கு இடமாறுதல் செய்யக் கூடாது. இது அவருக்கு வழங்கப்பட்ட கௌரவம் என்பதால் மறுக்க இயலாது.

போனில் அதைப் படித்துக் காட்டினார். புஷ்பம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, தோத்தா அந்தக் கௌரவம் போயிடும்ல?"

"போயிடும்."

"அப்ப தோத்துடுங்க. ஜென்சிக்கு மார்ச்ல பரீட்சை. அல்ஜீப்ராவுல அவளுக்கும் எனக்கும் தினம் சண்டை. அடுத்த ஆட்டம் எப்ப?"

"டிசம்பர்ல. அடுத்த கோப்பைக்கு முதல் சுற்று, பரமக்குடியோட."

"முதல் பந்துலயே அவுட்டாகி வாங்க. எனக்காக."

அவர் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார்.

டிசம்பர் ஆட்டத்தன்று வரும் பந்தைத் தொடக் கூடாது, ஸ்டம்பை விட்டு விலகி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் மைதானத்துக்குள் நடந்தார். பந்து வீசியவர் பரமக்குடி அலுவலகத்துக் காசாளர், ஐம்பது வயது இருக்கும். மூன்றடி ஓடி வந்து, ஒரு கும்பிடு போட்டு, பந்தை விட்டார். அது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அரையாள் உயரத்தில், அவசரமே இல்லாமல் வந்தது. தாம்பாளத்தில் வைத்து நீட்டியதுபோல் வந்தது. விலகத்தான் நினைத்தார். மட்டை எப்போது கிளம்பியது என்று அவருக்கே தெரியாது. சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பந்து கவருக்கும் பாயிண்டுக்கும் நடுவே வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இது ஒன்றுதான், அடுத்த பந்தில் போய்விடலாம் என்று நினைத்தார். அடுத்த பந்து கால் பக்கம் வந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார். புஷ்பம்தான் எடுத்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஜெயிச்சுட்டோம், புஷ்பம்."

"அதைக் கேக்கல. நீங்க எவ்வளவு?"

"எழுபத்து நாலு."

"அவுட்டா?"

"நாட் அவுட்."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. திட்டப் போகிறாள் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். புஷ்பம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சிக்ஸர் எத்தனை?"