ரெண்டு மலைக்கு நடுவுல ஜெயப்பிரகாஷ்

"எந்த மலைக்குடா?" என்று அம்மா குப்பு கேட்டபோது ஜெயப்பிரகாஷின் வாயில் பாதி இட்லி இருந்தது.

மனைவி ஜோதிலட்சுமியை எங்காவது குளிர்ந்த ஊருக்குக் கூட்டிப் போய் வருகிறேன் என்று மட்டுந்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தான். தேவனாம்பட்டினத்து வீட்டில் இரண்டே அறை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான். கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்ததில்லை. நடுவில் யாராவது சீப்பைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

"அப்ப கொடைக்கானலு. ஊட்டியில கும்பல் ஜாஸ்தியாம், நம்ம மீன் ஏலம் மாதிரி. கொடைக்கானல்ல சத்தமே இருக்காதாம், பெரிய ஏரி வேற. அலை அடிக்காத தண்ணிய நான் ஒரு தடவ பாக்கணும்."

'நான்' என்ற சொல் அவனுக்குச் சுருக்கென்றது. நீ வரவேண்டாம் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? "பாக்கலாம்மா," என்றான். உள்ளே அண்ணி பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

துறைமுகத்தில் படகு என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. மாமனார் பூவராகன் சிதம்பரத்தில் இருக்கிறார், ரிட்டயர்டு கண்டக்டர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள். போன் போட்டான்.

"கொடைக்கானலா?" என்றார் பூவராகன். "எதுக்க வர்ற ஆளே தெரியாது, ஒரே பனி. ஊட்டின்னா கடை, பூங்கா, மலை ரயிலுன்னு கலகலன்னு இருக்கும் மாப்ள. சர்வீஸ் பூரா நின்னுக்கிட்டே போனவன் நான். அந்த ரயில்லயாவது உக்காந்துகிட்டுப் போறேன். நாங்களும் வர்றோம்."

போனை வைத்தவனுக்கு எந்த நட்டு எந்த என்ஜினுடையது என்பதே மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னான். "ஜோதி ஊட்டிக்குத்தான் ஆசப்படுதும்மா." ஊட்டி என்றால் அம்மா விலகிக்கொள்வாள் என்பது கணக்கு.

குப்பு மருமகளைக் கூப்பிட்டாள். "ஏம்மா, ஒனக்கு ஊட்டியா?"

"எனக்கும் கொடைக்கானல்தான் அத்த," என்றாள் ஜோதி.

மாமனாரிடம் பொய்யைத் திருப்பிப் போட்டான். ஜோதிக்குக் கொடைக்கானல்தான் ஆசை என்றான். அவரும் மகளுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டார். "என்னா மாப்ள, புள்ள ஊட்டின்னுல்ல சொல்லுது?"

ஜெயப்பிரகாஷ் கிணற்றடியில் ஜோதியைப் பிடித்தான். "ஒனக்கு நெஜமா எந்த ஊருதான் வேணும்?"

"பெரியவங்க மனசு நோவக் கூடாதுங்க," என்றாள். அடுத்த வார்த்தைக்குள் அண்ணன் மகள் வாளியோடு வந்துவிட்டாள்.

கடைசியில், பொதுவாக இருக்கட்டும் என்று ஏற்காட்டைச் சொல்லிப் பார்த்தான். அதற்கு மட்டும் இரண்டு வீடும் ஒத்துப்போனது. "அது ஒரு மலையா?" என்று அம்மாவும் கேட்டாள், மாமனாரும் கேட்டார்.

யாரும் விட்டுக்கொடுக்காமலே மே மாதம் ஒரு காலையில் வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்றில் சிதம்பரத்துக்காரர்கள் வந்திறங்கினார்கள். இன்னொன்றில் அண்ணி கருவாட்டுக் குழம்பை ஏற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை அவரவர் பிடித்திருப்பார்கள் என்று ஜெயப்பிரகாஷ் நினைத்துக்கொண்டான்.

"எம்பொண்ணு எங்ககூட ஊட்டிக்கு வரட்டும்," என்றார் பூவராகன்.

"எம்மருமவ எங்ககூடத்தான் சம்மந்தி," என்றாள் குப்பு.

எல்லோரும் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார்கள். அவன் ஒரு வேனின் படியில் கால் வைத்து எடுத்தான். இன்னொன்றின் படியில் வைத்து அதையும் எடுத்தான்.

ஜோதிதான் மெதுவாகப் பேசினாள். "நான் எதுல ஏறுனாலும் ஒருத்தர் மனசு நோவும். நீங்க எல்லாரும் சந்தோசமா போய்ட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டப் பாத்துக்கறோம்."

குப்புவின் கண் கலங்கிவிட்டது. "தங்கம்," என்று மருமகளின் கன்னத்தைத் தடவினாள். பூவராகன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுனை திரும்பின.

வீடு புதிதாய்க் கட்டியதுபோல் காலியாக இருந்தது. அடுப்படியில் ஜோதி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரகாஷ் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பாவம், அவளும் ஆசைப்பட்டிருப்பாள். ஒரு மலையைக்கூடக் காட்ட முடியாத புருஷனாகிவிட்டோமே. என்ன சொல்லி அவளைத் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது.

"கை ஈரமா இருக்கு, நீங்களே பேசுங்க," என்று குரல் வந்தது.

எடுத்தான். வேன் டிரைவர் ராஜ்கமல்.

"அண்ணே, வண்டி ரெண்டும் வடலூர் தாண்டிடுச்சு, இனிமே யாரும் திரும்பி வர மாட்டாங்கன்னு ஜோதியக்காகிட்ட சொல்லிடுங்க, போன மாசம் ரெண்டு வண்டியயும் புக் பண்ணறப்பவே, தாண்டுனதும் சொல்லச் சொன்னாங்க."