கலப்படமில்லாத அலுமினியம்

தெர்மாமீட்டரின் முள் நூற்றைம்பதைத் தொட்டு, ஒருமுறை துடித்து, அப்படியே நின்றுவிட்டது. தேயிலை காயவைக்கும் அடுப்பிலிருந்து கழற்றிவந்த தெர்மாமீட்டர் அது. அதற்குத் தெரிந்த சூடு அவ்வளவுதான். உலையில் இருந்த அலுமினியத்துக்கோ அறுநூறுக்குக் கிட்ட வேண்டியிருந்தது.

"இப்ப எவ்வளவு சூடு சார்?" என்று கேட்டார் கணபதி. ஃபாக்டரிப் பட்டறையில் இருபது வருஷமாக ஃபிட்டர்.

"நூற்றைம்பதுக்கு மேல," என்றான் யதுர்ஷன்.

"அது பக்கத்துல நிக்கிற எனக்கே தெரியுதுங்களே."

யதுர்ஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மடுல்சீமைப் பக்கத்து இந்தத் தோட்டத்துக்கு எஞ்சினியராக வந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரம் பார்த்துத்தானா, கொழுந்து வாட்டும் விசிறியின் இறக்கைகளைத் தாங்கும் நடு அலுமினிய ஹப் வெடிக்கவேண்டும்? விசிறி நின்றால் கொழுந்து வாடாது, அழுகும். "வெள்ளிக்கிழமை விசிறி சுத்தணும். இல்லாட்டி நீங்க ஊருக்கு பஸ் ஏறலாம்," என்று தோட்டத்து மேனேஜர் பெரியதொரை மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

வேறொருவன் என்றால் புது ஹப்புக்குக் கொழும்புக்கு எழுதியிருப்பான். யதுர்ஷன் படித்தவன்.

"கொழும்பில இருந்து வர மூண்டு மாசம் செல்லும். நாங்களே செய்வம்," என்றான். "உலோகத்தைத் தண்ணியா உருக்கி ஊத்தினால் காத்தும் சேர்ந்து உள்ளுக்கை போகும், ஓட்டை விழும். பாதி இறுகி, பாதி இளகின பதத்தில வச்சு அச்சில அமுக்கினால் ஒரு ஓட்டையும் வராது. வெளிநாட்டில இப்ப இப்பிடித்தான்."

"வெளிநாட்டுல தெர்மாமீட்டர் இருக்குமுங்க," என்றார் கணபதி.

பழைய இரும்பு, அலுமினியக் குவியலை யதுர்ஷன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்டோருக்கு ஒரு சிட்டு எழுதி அனுப்பினான்: 'கலப்படமில்லாத அலுமினியம், சிறு துண்டுகளாக. மிக அவசரம்.' ஸ்டோர் பொறுப்பாளர் துஷாந்தினி சிட்டோடு பட்டறைக்கே வந்தாள்.

"சார், அவ்வளவு சுத்தமா வேணும்னா..."

"விளக்கம் வேண்டாம் தங்கச்சி. எழுதினதைத் தாங்கோ."

தோட்டத்தில் கையெழுத்துப் போட்டுச் சிட்டு வந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டவர்கள் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். துஷாந்தினி சிட்டை மடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அரைமணி நேரத்தில் அறுத்த துண்டுகள் வாளியில் வந்து சேர்ந்தன.

யதுர்ஷன் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பரவசப்பட்டான்.

"அண்ணை, அறுத்த இடத்தைப் பாருங்கோ. ஒரு ஊசித் துளை இல்லை! எங்கட ஹப்பும் இப்பிடி வந்தால் நான் வெண்டமாதிரி."

அது செவ்வாய்க்கிழமை. முள் நின்றுபோன தெர்மாமீட்டரை நம்பிக் காத்திருந்ததில் அலுமினியம் முழுக்கத் தண்ணீராகி, அச்சிலிருந்து தேன்கூடாக எழுந்து வந்தது.

"இதையே திரும்ப உருக்கலாமுங்களே?"

"அழுக்குப் பட்டிட்டுது. கலப்படம்," என்று யதுர்ஷன் இரண்டாவது சிட்டை எழுதினான்.

புதன்கிழமை கணபதியின் யோசனைப்படி இரும்புக் கம்பியால் கிண்டிப் பதம் பார்த்தார்கள். பதம் வந்துவிட்டதா இல்லையா என்று இருவரும் வாக்குவாதப்பட்ட ஐந்து நிமிஷத்தில் அது வந்து, போயும்விட்டது. கம்பியும் அலுமினியமும் உலைச்சட்டியும் ஒன்றாக இறுகிக்கொண்டன. கம்பியைப் பிடித்துத் தூக்கினால் சட்டியும் கூடவே வந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது சிட்டு போனது. கூடவே கடைவீதியில் தொதல் இனிப்புக் கிண்டி விற்கும் முஷ்ரிபாவுக்கும் ஆள் போனது. பட்டம் வாங்கியவன் தொதல்காரியிடம் பதம் கேட்பது கேவலம்தான். ஆனால் ஊருக்கு பஸ் ஏறுவது அதைவிடக் கேவலம்.

முஷ்ரிபா முக்காட்டை இழுத்துவிட்டு, கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"பதம் எல்லாத்துக்கும் ஒண்டுதான் தம்பி. இந்தா, இப்ப எடுங்க!"

உண்மையிலேயே பதம்! வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அச்சில் இறங்கியது. யதுர்ஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அமுக்குங்கோ அண்ணை!"

"எதாலங்க?"

அமுக்குவதற்கு ஒன்று வேண்டும் என்பதை மூன்று நாளாக இருவருமே யோசித்திருக்கவில்லை. கணபதி வெளியே ஓடி, ஒரு ஜாக்கியோடு வந்தார். அச்சுக்கும் இரும்பு உத்திரத்துக்கும் நடுவே அதைச் செருகிப் பம்ப் அடித்தார். அச்சு விரிந்தது. வெண்ணெய் பக்கவாட்டில் பிதுங்கி, ஜாக்கியைக் கழுத்துவரை கட்டிப்பிடித்து, கல்லாகிவிட்டது.

"இது ஆற்ற ஜாக்கி?" என்று கேட்டான் யதுர்ஷன்.

"தொரை ஜீப்போடதுங்க. அவுரு எங்கயும் போகமாட்டாருன்னு நெனைச்சேன்."

வெள்ளிக்கிழமை காலையில் தொரை போனார். இரண்டாவது வளைவில் டயர் பஞ்சர். ஜாக்கியைத் தேடிப் பார்த்துவிட்டு, மழையில் மூன்று கிலோமீட்டர் மேட்டில் நடந்து நேரே பட்டறைக்கு வந்தார். தன் ஜாக்கியை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"விசிறி சுத்துதா மிஸ்டர் யதுர்ஷன்?"

"பதம் சரியா வந்தது சேர்..."

"நான் ஒங்கள நம்பி மட்டும் இருக்கல. திங்கக்கிழமையே கொழும்புக்குப் போன் பண்ணிட்டேன். செவ்வாய் காலையில மூணு புது ஹப் லொறியில ஸ்டோருக்கு வந்தாச்சாம்." தொரை வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "துஷாந்தினி! அந்த ஹப்ப எடுத்துட்டு வா!"

மூன்று சிட்டுகளையும் பத்திரமாகக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள் துஷாந்தினி.

"சார் ஒரு நாளைக்கு ஒண்ணா மூணையும் வாங்கிட்டாருங்க தொரை, சின்னத் துண்டா அறுக்கத்தான் எங்களுக்குக் கை விட்டுப்போச்சு."