இரண்டு பாதித் திரையும் ஒரு முழுச் சிங்கமும்

எனக்குத் தைக்கத் தெரியாது. இதை அன்றைக்கே வாய்திறந்து சொல்லியிருந்தால், பாவம், ஒரு பூசாரி கற்பூரப் புகையில் மாட்டிக்கொண்டு இருமியிருக்க மாட்டார். ஆனால் அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி ஏழு மாதம். எதையும் தெரியாது என்று சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

நானும் சிவாவும் வீட்டில் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்த அவர் வீட்டு வாசலில் மாலையும் கழுத்துமாகப் போய் நின்றவர்கள். மாமியார் ஆரத்தி எடுத்தார். சோறு போட்டார். என்னோடு பேசத்தான் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஐஸ்பெட்டியிடம் சொல்வார். "கொழம்பு ஆறிப் போவுது. வேணுங்கறவங்க வந்து சாப்புடலாம்" என்பார், அதன் கதவைப் பார்த்து. (ஐஸ்பெட்டியாவது 'உம்' என்று பதில் சொல்லும். எனக்கு அந்த உரிமைகூட இல்லை.) ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிவிட மாட்டாரா என்று நான் ஏங்கிப் போனேன். திட்டினால்கூடப் போதும்.

அந்த வருஷம் சிவா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கால் முறிந்து, ஒருவழியாகத் தேறியிருந்தார். தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழாவில் புதுத் திரை போடுவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார்.

"கடையில ஏம்மா வாங்கற? இவ கர்ட்டன் ஃபேக்டரியிலதானே வேல செஞ்சா! சூப்பரா தச்சிருவா லா" என்றார் என் கணவர்.

சுங்கை காடுட்டில் திரைச்சீலைத் தொழிற்சாலையில் நான் வேலை செய்தது உண்மைதான். செய்த வேலை, தைத்து வந்த திரையை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போடுவது. ஊசிக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, எப்போதாவது அது என் விரலில் குத்தியதுதான்.

மாமியார் ஐஸ்பெட்டியைப் பார்த்தார். "தைக்கத் தெரிஞ்சவங்க தைக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக என்னை நம்பி ஒரு வேலை! தலையை ஆட்டிவிட்டேன்.

சிவப்புச் சாட்டின் துணி இரண்டு பாகம். வெறும் சிவப்பாகவே விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அம்மனின் வாகனமான சிங்கத்தையும் அதில் வைத்துத் தைப்போமே என்று எனக்குள் ஒரு கலைஞி கிளம்பினாள். அவளுக்கு வரையவும் தெரியாது. அதனால் அளவில்லை, கோடில்லை. போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். சிவா பந்து விளையாடும் மஞ்சள் ஜெர்சியை வெட்டினேன், அது முகம். (கன்னத்தில் ஒன்பது என்ற எண் அப்படியே நின்றுவிட்டது.) மேசைவிரிப்பின் ஆரஞ்சுக் குஞ்சம் பிடரி. என் பழைய பாஜு கூரோங் சட்டையின் பித்தான்கள் கண். தலையிலிருந்து ஆரம்பித்ததால் வந்த உற்சாகத்தில் தலை தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் தலைக்கு உடம்பு வேண்டாமா? இடப்பக்கத் துணியில் கழுத்துக்குமேல் இடமில்லை. வலப்பக்கத் துணியை இழுத்து, இரண்டு விரல்கடை ஏற்றிப் போட்டு, ஊக்குக் குத்தி, அதன்மேல் உடம்பைத் தொடர்ந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. சிவாவின் தூண்டில் நைலான் நூலை எடுத்தேன். பிறகு அறுந்தால் என்னைக் கேளுங்கள்!

"சிங்கம் சிரிக்குது லா!" என்றார் சிவா, மூன்றாம் நாள்.

மாமியாரும் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார், வழக்கம்போல ஐஸ்பெட்டியிடம். மூன்று பேருமே அதைப் படமாகத்தான் பார்த்தோம். அது திரை, திறக்க வேண்டிய சாமான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருவிழாவன்று பூசாரியே திரையை மாட்டினார். காற்றில் விலகக்கூடாதென்று இரண்டு ஓரத்தையும் நிலையோடு இறுகக் கட்டிக்கொண்டு, உள்ளே அலங்காரத்தில் மும்முரமாகிவிட்டார். வெளியே உறுமி மேளம் உச்சத்துக்குப் போனது. மணி அடித்தது. தோட்டமே கையைத் தலைக்குமேல் தூக்கி நின்றது. பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

சிங்கம் வயிற்றை எக்கியது. அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தார். சிங்கம் இன்னும் அகலமாகச் சிரித்தது. உறுமிக்காரர்கள் விஷயம் புரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள். தூக்கிய கைகள் வலித்து ஒவ்வொன்றாக இறங்கின. திரைக்கு அடியிலிருந்து பூசாரியின் தலை மட்டும் வந்தது, இருமலோடு. "யாரும்மா... இத... தச்சது?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஏழு மாத ஏக்கம், மாமியாரின் வேண்டுதல், எல்லாவற்றையும் நைலான் நூல் போட்டுத் தைத்து மூடிவிட்டேன். இனி ஐஸ்பெட்டிகூட என்னைப் பற்றி ஒன்றும் கேட்காது.

அப்போது மாமியார் எழுந்தார். எலுமிச்சம்பழம் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தார். திரையின் அடியில் உட்கார்ந்து, தையலை அறுக்கப் பார்த்தார். என் நூலாயிற்றே, அசையவில்லை. திரும்பிக் கூட்டத்தில் தேடி, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இங்க வா. அந்தப் பக்கம் புடி."

ஓடினேன். நான் துணியை இழுத்துப் பிடிக்க, அவர் ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டு மேலே வந்தார். "நல்லா இழு. என்னாத்த சாப்புடற நீ?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. கடைசித் தையல் விட்டதும் சிங்கத்தின் தலை ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமுமாக விலக, உள்ளே அம்மன் ஜொலித்தாள். கூட்டம் ஓவென்று குரல் கொடுத்தது.

பின்னாலிருந்து யாரோ, "எந்தக் கடையில தச்சாங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"என் மருமக தச்சது. அதுக்கு என்னா இப்ப?" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவே இல்லை என்பது வேறு கதை. எங்கள் வீட்டில் இன்றுவரை எது திறக்காவிட்டாலும், ஊறுகாய்ப் புட்டியோ, கார்க் கதவோ, "மருமக தச்சிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். என் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

போன வருஷம் மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது பிளாஸ்திரி லேசில் வரவில்லை. தாதி திணறினார். "என் மருமக தச்சது, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் அவரிடம் மலாயில் விளக்கினார். தாதி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கோ பயம், அந்தக் கண்ணுக்குப் பார்வை வரவேண்டுமே என்று.

கட்டு வந்தது. மாமியார் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். சுற்றி நின்ற மகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்... இது நல்லாத் தெறந்திருச்சி" என்றார்.