போட்டு வாறன் சொல்லாத தொப்பிக்காரர்

சிவமயம்

கோப்பாய்,
வெள்ளிக்கிழமை.

ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பி செல்வரட்ணத்துக்கு அக்கா சிவக்கொழுந்து எழுதிக்கொள்வது. நல்லூரான் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் பேரப்பிள்ளைகளின் புதினம். கோகுலன் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் ஏ. சாருஜா பேச்சுப் போட்டியில் மாகாணத்தில் முதலாவது. சின்னவன் லோஜன் சாக்கோட்டத்தில் இரண்டாமிடம். ஓடியது மூன்று பேர், அதில் ஒருவன் விழுந்துவிட்டான். ஆனாலும் இரண்டாமிடம் இரண்டாமிடம்தான்.

போன ஞாயிறு சாருஜா, "அம்மம்மா, இண்டைக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படம் பாப்பம், வலு பகிடி" என்று ரீவியைப் போட்டாள். கீழே தமிழ் எழுத்து ஓடியது. என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு ஒரு சொல்லைப் பிடிக்க முன்னம் அது மூன்று சொல் தள்ளிப் போய்விட்டது. எழுத்துப் போகட்டும் என்று, மாமனாராக வந்த கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடிப்பு, தம்பி. மருமகனின் நாய் இவருடைய தொப்பிக்குள் படுத்திருக்கிறது. இவர் குனிந்து நாயிடம் மன்னிப்புக் கேட்டுத் தொப்பியை உருவுகிறார். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நான் சிரித்து, வெற்றிலை புரைக்கேறி, கோகுலன் முதுகில் தட்டவேண்டி வந்தது.

பிறகு சாப்பாட்டு மேசையில் மருமகன் ஏதோ சொல்ல, கிழவருக்கு ரோசம் வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலால் போகிறார். கொஞ்சத்தில் பார்த்தால் திரும்பவும் மேசையில் இருக்கிறார். குசினிப் பக்கத்தால் வந்திருப்பார் என்று நினைத்தேன். திரும்ப ரோசம், திரும்பத் தொப்பி. இப்படி மூன்று தரம். முதல்தரம் எனக்குக் கோபம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் தரம், கதவுப்பிடியில் கை கொஞ்சம் நிற்பது தெரிந்தது. மூன்றாம் தரம், ஓரக்கண்ணால் பின்னுக்குப் பார்த்ததைக் கண்டேன். ஒருத்தராவது "இருங்கோ" எண்டு சொல்லமாட்டினமோ என்ற பார்வை. அதற்குள் கீழே இருந்த எழுத்தையும் கூட்டி வாசித்துவிட்டேன். "நான் போகிறேன்."

"வெளிக்கிடேக்கை, போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லவேணும். உவருக்கு ஆர் உப்பிடிப் பழக்கினது?" என்றேன்.

"கனடாத் தாத்தாவும் உப்பிடித்தானே போனவர், அம்மம்மா" என்றாள் சாருஜா.

இரண்டு வருசத்துக்கு முன் நீ வந்து நின்றபோது கூழுக்குள் தகரத்தில் அடைத்த ரின் மீனைப் போட்டாய். "உது கூழோ, மாட்டுக்கு வைக்கிற கழனியோ" என்று நான் கேட்டேன். நீ கோப்பையை வைத்துவிட்டு, "போறன்" என்று போய்ப் படலையைத் திறந்தாய். படலையில் நீயும் கொஞ்சம் நின்றாய். செருப்பு வார் அறுந்துபோச்சாக்கும் என்று நினைத்தேன். அந்தக் கிழவரைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, செருப்புக்கு ஒன்றும் இல்லை. நான் "இரு" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேணும். சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ போன் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. இப்போது சொல்கிறேன்: வா, வந்து இரு. கூழுக்குள் உனக்கு விருப்பமானதைப் போடு.

அம்மாளாச்சி உன்னையும் மச்சாளையும் காப்பாள். புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போட்டுவிடு. இங்கே சுவரில் இருக்கிற படத்தில் உனக்குத் தலைமயிர் இருக்கிறது. உது ஆர் எண்டு லோஜன் கேக்கிறான்.

இப்படிக்கு,
உன் அக்கா
சிவக்கொழுந்து

பிற்குறிப்பு: கடிதத்தைச் சாருஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கிழவர் ஒருதரம்தான் போனவராம், திரும்பி வரவேயில்லையாம். நான் றிமோட்டுக்கு மேல் இருந்துகொண்டு அங்கும் இங்கும் அரக்கினதில் படம் பின்னுக்குப் போய் அதே காட்சி மூன்று தரம் ஓடினதாம். நான் வலு கவனமாகப் பார்த்ததால் அவள் சொல்லாமல் விட்டாளாம். ஒரே போக்கில் அவ்வளவையும் முகத்தில் வைத்திருந்தாரென்றால் அவர் நான் நினைத்ததிலும் பெரிய நடிகர். உன்ரை செருப்பு உண்மையாகவே அறுந்ததென்றால் அதைக் கடிதத்தில் எழுதாதே. வந்து சொல்லு.