டீச்சர் மரம்

வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொல்லிக்கொடுக்க வந்தாலும் 'இது எனக்குத் தெரியாதா' என்று தலை தானாக ஆடும். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தால், மீதியை நாமே சொல்லி முடித்துவிடுவோம். நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பல வருஷமாக அதே பள்ளி, அதே கணக்கு. வியாதி முற்றிய நிலை.

அந்த டாக்டர்தான் என்னை நடக்கச் சொன்னார். கோயிலைச் சுற்றி நடந்து பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் யாராவது ஒரு அம்மா வழிமறித்து, 'எம் பொண்ணு எப்படிப் படிக்கா டீச்சர்?' என்று கேட்பார். நடை நின்றுபோய், பெற்றோர் கூட்டம் தொடங்கிவிடும். சர்க்கரை குறையவில்லை. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் எனக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

அப்போதுதான் கோமதி வந்து சேர்ந்தாள். என்னிடம் படித்த பெண். விளையாட்டில் பட்டம் வாங்கி, வடக்கே போய் மலையேற்றப் பயிற்சியெல்லாம் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். பெண்களுக்கு மட்டும் ஒரு நடைக்குழு ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலத்துக்கு மேற்கே அடிவாரப் பாதையில் நடப்பது. நடக்கும்போதே, அருவிக்கு வருகிறவர்கள் விட்டுப்போன ஷாம்பூ பாக்கெட், சோப்பு உறை, ஜோடியில்லாத செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவது. (ஜோடியாகச் செருப்பு கிடைத்ததே இல்லை. ஒற்றைச் செருப்போடு அவர்கள் எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பழகிய ஒருத்தி துணை. எனக்குத் துணையாகக் கோமதியே வந்தாள். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது என் பாதங்களைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தது.

அவள் அதட்டவே மாட்டாள். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. ஈரப்பாறையில் குதிகாலை ஊன்றக் கூடாது என்பாள். நான் 'தெரியும்' என்பேன். அடுத்த பாறையில் உட்கார்ந்திருப்பேன், என் விருப்பத்தைக் கேட்காமலே. அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதலில் சொன்னதையே மறுபடியும் அதே குரலில் சொல்வாள். அந்தப் பொறுமையை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கே கற்றாளோ.

குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. தின்பண்டம் கொண்டுவந்தால் எவர்சில்வர் டப்பாவில், அதுவும் பைக்குள் பத்திரமாக. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. குப்பை பொறுக்கப் போகிறவர்கள் குப்பையைக் கொண்டுபோகக் கூடாது என்பது ஒரு காரணம், குரங்கு இன்னொரு காரணம். கவர் சரசரக்கும் சத்தம் குற்றாலத்துக் குரங்குக்கு எங்கள் பள்ளியின் சாப்பாட்டு மணி மாதிரி.

இதுவும் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கியமான நாள். பள்ளிப் பிள்ளைகளையும் அந்தப் பாதையில் கூட்டிப்போக வேண்டும் என்பது கோமதியின் ஆசை. அதற்கு வனத்துறை அனுமதி தரவேண்டும். ரேஞ்சர் அம்மா நேரில் வந்து, எங்களோடு நடந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. முந்தின நாள் கோமதி எல்லோருக்கும் போன் செய்தாள். என்னிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தயங்கினாள். "டீச்சர், நாளைக்கு மட்டும் நான் சொல்லுததக் கேளுங்க டீச்சர்" என்றாள். நான் என்றைக்குக் கேட்காமல் இருந்தேன் என்று கேட்டேன். டப்பா சட்டத்தை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் நல்ல சாரல். ஆட்டோவிலிருந்து இறங்கிய இடத்தில் ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் கொதிக்கிற தேங்காய் எண்ணெயிலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. சாரலில் அந்த வாசனையைத் தாண்டிப் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் காலில் விழத் தயார். இரண்டு கவர் வாங்கினேன். டப்பா? வீட்டில் இருந்தது, பத்திரமாக. ஒரு கவரைப் பையின் அடியில் திணித்தேன். மற்றதை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, குழுவின் கடைசி ஆளாக நடந்தேன். முன்னால் கோமதியும் ரேஞ்சர் அம்மாவும் புதிதாகச் சேர்ந்த பெண்களும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வளைவில் திரும்பி மறைந்ததும் கோட்டுக்குள் கையை விட்டேன்.

ஒரே ஒரு சரசரப்பு.

எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. வந்தது, கவரைப் பிடுங்கியது, பாதையின் மேல் சாய்ந்து நின்ற பெரிய மருத மரத்தில் ஏறி உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தின்றது. பாதி தின்றதும் அலுத்துவிட்டது போல. கவரைக் கிளையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கவர், கடையின் பெயர் போட்ட மஞ்சள் பக்கம் கீழே தெரிய, பாதைக்கு நேர் மேலே கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் அம்மா திரும்பி வருவதும் அதே பாதையில்தான்.

நான் கணக்கு டீச்சர். பிரச்சினையைப் பார்த்தால் தீர்வு தோன்றும். சின்ன வயதில் கொய்யா மரத்தில் ஏறியிருக்கிறேன். இந்த மரமோ ஏணி மாதிரி சாய்ந்திருக்கிறது. பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறினேன். கவர் கைக்கு வந்தது. அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

ஏறும்போது ஏணியாக இருந்த மரம், இறங்கலாம் என்று நினைத்தபோது சுவராகிவிட்டது. காலை நீட்டினால் காற்றுதான் தட்டுப்பட்டது. சாரலில் பட்டையெல்லாம் எண்ணெய் தடவியது போல் வழுக்கியது. கிளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

பேச்சுக்குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்கள். மூச்சை அடக்கினால் கடந்துபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். (பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை.) கோமதி சரியாக மரத்தடியில் நின்றுகொண்டு ரேஞ்சர் அம்மாவிடம் எங்கள் பெருமையை எடுத்துச் சொன்னாள்.

"எங்க ஆளுங்க ஒரு மிட்டாய்த் தாளக்கூட காட்டுக்குள்ள கொண்டுவர மாட்டாங்க மேடம்."

என் கையிலிருந்த கவரிலிருந்து ஒரு சிப்ஸ் நழுவி, ரேஞ்சர் அம்மாவின் தொப்பியில் விழுந்தது.

எல்லோரும் அண்ணாந்தார்கள். யார் அது என்று அந்த அம்மா கேட்டார். "எங்க கணக்கு டீச்சர் மேடம்" என்றாள் கோமதி, மரத்தில் கணக்கு டீச்சர் இருப்பது வழக்கம்தான் என்பது போல.

"மேல என்ன செய்யுதீங்க?"

கையில் கவர் இருந்தது. வாயில் பதில் வந்தது. "குப்பை எடுக்கேன் மேடம்."

ரேஞ்சர் அம்மாவின் முகம் மலர்ந்தது. மரத்தின் மேலே கிடப்பதைக்கூட விடாமல் எடுக்கிறார்களே என்று கோமதியிடம் வியந்து பேசினார். புதிய பெண்கள் என்னை ஒரு பக்தியோடு பார்த்தார்கள். கோமதி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கவரைத்தான் பார்த்தாள். எண்ணெய் இன்னும் காயவில்லை.

அப்படியே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குரங்கு எங்கேயும் போயிருக்கவில்லை. கீழே இறங்கி, எல்லோர் முன்னாலும் என் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டு, குடையைத் தூக்கிப் போட்டு, இரண்டாவது கவரை வெளியே எடுத்தது. அதே மஞ்சள். அதே கடை.

அந்த நிமிஷத்தில் மரம் என்னைத் தானாகக் கீழே தள்ளிவிட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். எனக்காக அல்ல, கோமதிக்காக. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆனால் அவள் ஒரு நொடிதான் நின்றாள். அப்புறம் எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் மலையேற்றக் கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் இறக்கினாள். புதிய பெண்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, பயந்துபோன ஆளை எப்படி இறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தாள். என் இடுப்பில் அந்தப் பட்டையை மாட்டி, கயிற்றைக் கிளைக்கு மேலாகப் போட்டு, மறுமுனையைக் கீழே இருந்தவர்களிடம் கொடுத்தாள். நான் அவளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தேன். முடிச்சை இடது பக்கம் போட்டால் எடை சமமாகப் பிரியுமே என்று.

"டீச்சர்" என்றாள் கோமதி. அது என்னுடைய வகுப்புக் குரல். எனக்கே நன்றாகத் தெரிந்தது. "வாய மூடிட்டு, கைய விடுங்க."

வாயை மூடினேன். கையை விட்டேன். கிணற்றுக்குள் வாளி போவது போல மெதுவாக, ஒரு சுற்று சுற்றிக்கொண்டே ரேஞ்சர் அம்மாவின் காலடியில் வந்து இறங்கினேன்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, சிப்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்புறம் கோமதியிடம் சொன்னார்: "சட்டத்த மீறுத ஆளு எங்க போனாலும் ஒண்ணு இருக்கும்மா. காட்டுக்குள்ள ஒருத்தருக்கு ஒண்ணுன்னா நீங்க பதறாம பாப்பீங்களான்னுதான் எனக்குத் தெரியணும். பாத்துட்டேன். பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க."

ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே போகிற ஒவ்வொருவர் பையையும் நான்தான் சோதனை போட வேண்டும். இன்றுவரை நான்தான் போடுகிறேன். டப்பாவைத் திறந்து பார்க்காமல் யாரையும் விடுவதில்லை. ஜெயிலர் என்று பின்னால் பேசுவதாகக் கேள்வி.

அந்த மரத்துக்கு 'டீச்சர் மரம்' என்று எங்கள் பெண்கள் பெயர் வைத்தார்கள். வனக் காவலர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். போன வருஷம் பாதைக்குப் பலகைகள் வைத்தபோது, மருத மரத்தில் அந்தப் பெயரே ஏறிவிட்டது. அது எப்படியோ எங்கள் தலைமையாசிரியை காதுக்குப் போனது. ஆண்டு விழாவுக்குக் கோமதியைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, மேடையில் என்னையும் உட்காரவைத்து, வனத்துறையே ஒரு மரத்துக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு நம் டீச்சர் என்ன செய்தார் என்று சொல்லும்படி மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டார். முன் வரிசையில் என் கணவர், பெயின்ட் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மகள். இருவருக்கும் நடந்தது முழுக்கத் தெரியும்.

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒருநாள் சாரல்ல டீச்சர் அந்த மரத்தக் கட்டிப்பிடிச்சிட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. ரேஞ்சர் அம்மாவே நேர்ல வந்து பேசவேண்டியதாப் போச்சு" என்றாள்.

மரத்தை வெட்டவிடாமல் நான் காப்பாற்றியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்; கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. என் கணவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெருமையில் அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பள்ளியின் வெளிச்சுவரில் படமாக வரைந்துவிட்டார்கள். சேலை கட்டிய ஒரு டீச்சர் பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் என் கணவர் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தச் சுவரைக் காட்டப் போகிறார். கூடவே என் மகளும் போய், படத்தில் எல்லாம் சரிதான், அம்மாவின் கால் தரையில் இருப்பது மட்டும்தான் தப்பு என்று விளக்கிச் சொல்லிவிட்டு வருகிறாள்.