ஸ்டியரிங் விரதம்

"நாளையிலருந்து என் காடியை நீதான் ஓட்டணும், கதிர்."

முதலாளி ஸ்ரீஸ்கந்தராஜா வோல்வோ காரின் சாவியை மேசைமேல் வைத்தார். கதிர்காமநாதன் அதைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஜார்ஜ்டவுனில் தட்டச்சு இயந்திரம் விற்கும் அந்தக் கடையில், முதலாளியின் காடியைத் துடைக்கக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது. முன்பென்றால் விற்பனையாளன் கதிர்காமநாதன் துள்ளிக் குதித்திருப்பான். ஆனால் போன மாதம் அவன் மைத்துனரின் காடியை ஓட்டிப்போய், ரோட்டோரத்தில் இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் ஒரு சாத்தே கடையைச் சாய்த்திருந்தான். மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார். தைப்பூசம் கழியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் நன்னடத்தை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

உண்மையைச் சொன்னாலோ வேலை போய்விடும். "கோர்ட் படி ஏறினவன் என் கடைப் படி ஏறக்கூடாது" என்பது முதலாளியின் சட்டம். கணக்கு எழுதிய பழைய கிராணி அப்படித்தான் வேலை போய் வீட்டுக்குப் போனார்.

"என்னலா யோசிக்கிற?"

சுவர் நாள்காட்டியிலிருந்து முருகன் சிரித்தார்.

"தைப்பூச விரதம், முதலாளி. பூசம் முடியிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடறதில்லைன்னு வேண்டிக்கிட்டேன்."

"ஸ்டியரிங்குக்கு விரதமா?"

முதலாளி இமைக்காமல் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அருமை தம்பி! நானும் இருக்கேன் இந்த விரதம்!"

அன்று மாலை மனைவி கமலாம்பிகை தலையில் கைவைத்தாள். "முருகன் பேர்ல பொய்யா? கண்ணு போயிடும்ங்க!"

"வேலை போனா சோறு போயிடும்லா!"

மறுநாள் முதலாளியும் தொழிலாளியும் விற்பனைக்காகப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். ஆளுக்கொரு தட்டச்சு இயந்திரம் கையில் கனத்தது. தொழிற்சாலைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாதையில் ஒரு போலீஸ்காரர் தென்பட்டாலும் கதிர்காமநாதன் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்தான்.

முதலாளியோ போகிற இடமெல்லாம் விரதத்தைப் பற்றியே பேசினார். "இந்தத் தம்பிதான் என் கண்ணைத் திறந்துவிட்டான்!"

செய்தி கோயில் கமிட்டி நாகநாதனை எட்டியது. மாலையும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா! வெள்ளிக்கிழமை பூசையில ரெண்டு பேருக்கும் பொன்னாடை. பேப்பர்ல போட்டோ வரும்."

கதிர்காமநாதன் மாலையை விட்டு இரண்டடி பின்வாங்கினான். சாத்தேக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் போட்டோ தெரியுமே! 'கோர்ட்டுல பார்த்த ஆளாச்சே' என்று கடைக்கு வந்து நின்றால்?

"வெள்ளிக்கிழமை முடியாது!" என்று கத்தினான்.

"முடியவே முடியாது!" என்று அதே நொடியில் முதலாளியும் கத்தினார்.

நாகநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது... வெள்ளிக்கிழமை மட்டும் தனியா, மௌனமா இருக்கணும் அண்ணே. விரதத்தோட முறை," என்றான் கதிர்காமநாதன்.

"ஆமா ஆமா! தனியாத்தான் இருக்கணும்!" என்றார் முதலாளி.

இப்படி நம்பும் மனிதரையா ஏமாற்றுகிறோம் என்று கதிர்காமநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நன்னடத்தை அலுவலகப் படியேறினான். நடைவழியில் திரும்பியதும் உறைந்து நின்றான்.

பெஞ்சில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியிலும் திருநீறு.

பின்னாலேயே வந்து கண்டுபிடித்துவிட்டார்! வேலை போச்சு. கமலாம்பிகைக்கு என்ன பதில் சொல்வது?

ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தான். "முதலாளி, விரதமெல்லாம் பொய்! சாத்தே கடையை இடிச்சுட்டேன். கோர்ட்டுல தடை போட்டுட்டாங்க. என்னை வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க!"

முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்... மெதுவா பேசுலா!" என்று கையை ஆட்டினார்.

"முருகன் பேர்ல பொய் சொல்லிட்டேன் முதலாளி! உங்களையும் பஸ்ல அலைய விட்டுட்டேன்!"

அலுவலகக் கதவு திறந்தது. கிராணி சல்மா தலையை நீட்டினாள்.

"யாரு மிஸ்டர் ஸ்ரீஸ்கந்தராஜா? உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க. கோர்ட் சொன்ன மாதிரி ஸ்டியரிங்கைத் தொடலைதானே?"