இத்தாலிக் கப்பல் பொடி

மொட்டை மாடியில் காய வைத்த இலைகள் காலையில் இருந்ததைவிட மாலையில் அதிக ஈரமாக இருந்தன.

ஆராவமுதன் ஒரு துளசி இலையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். நசுங்கியது, நொறுங்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது, நல்ல கடல் காற்று வரும் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அது உப்பையும் ஈரத்தையும் கூடவே கூட்டிவரும் என்று சொல்லவில்லை.

போனை எடுத்து ஜெமிமாவை அழைத்தான்.

"காய மாட்டேங்குது ஜெமி."

"எது?"

"எதுவுமே. துளசி, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து எல்லாம் இப்பதான் பறிச்ச மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு டாடி ஆளைக் கூப்பிட்டாச்சு ஆரா. நீ வேற சிரிப்பாணி காட்டாத."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அவன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. சரக்கு ரசீதுகளுக்கு நடுவே எப்போது காதல் வந்தது என்று இருவருக்கும் தெரியாது. ஆழ்வார்திருநகரியில் அவன் அம்மா கமலவல்லி அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்து, "அந்தப் பொண்ணு தயிர்சாதமாவது சாப்பிடுமாடா?" என்று கேட்கும் கட்டத்துக்கு வந்திருந்தாள். மிச்சமிருந்தது ஜெமிமாவின் அப்பா பெர்சிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெர்சி அவனை உட்காரவைத்து, பழரசம் கொடுத்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, நீ நல்ல பிள்ளைதான். சாமியெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்ல. நாக்குதான் பிரச்சினை. மீன் திங்க மாட்ட. பூண்டு திங்க மாட்ட. ருசியே தெரியாத வீட்டுக்கு எம் மவள எப்படி அனுப்புவேன்?"

"எங்க வீட்டுலயும் ருசியா சமைப்பாங்க அங்கிள்."

"ருசின்னா என்னன்னு நான் சொல்லுதேன், கேளு. ஒரே ஒரு தடவ இத்தாலிக் கப்பல்ல இஞ்சின் ரூம் வேலைக்குப் போனேன். மாரியோன்னு ஒரு சமையல்காரன். தாடியும் தலையில உயரமா ஒரு தொப்பியுமா குசினியில நிப்பான். என்ன கேட்டாலும் பதில் பேச மாட்டான், தட்ட மட்டும் நீட்டுவான். தக்காளிக் குழம்பு ஊத்துன பாஸ்தா. அது மேல காஞ்ச இலைப்பொடி ஒண்ணு தூவியிருப்பான் பாரு, யம்மா! அந்த வாசனைய இன்னைக்கு வரைக்கும் தேடுதேன். கடையில பாட்டில்ல விக்கிறது பூராவும் வைக்கோலு."

பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பொடிய உன் கையால செஞ்சு கொண்டா. அதே வாசம் வந்துட்டுதுன்னா கல்யாணத்தப் பேசுவோம். இல்லன்னா ரெண்டு பேரும் ஆபீஸ் வேலைய மட்டும் பாருங்க. அதே கப்பல்ல இருந்த என் கூட்டாளி ஜோன்ஸும் பெரியதாழையில இருந்து வாரான். என் நாக்க ஏமாத்தினாலும் அவன் நாக்க ஏமாத்த முடியாது."

ஜெமிமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஆராவமுதன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

ஆரிகனோ, பேசில், தைம், மார்ஜோரம், பூண்டுப்பொடி என்று போனில் பார்த்த சமையல் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னாள். ஜெமிமாதான் வழி கண்டுபிடித்தாள். ஆரிகனோவுக்குக் கற்பூரவல்லி, பேசிலுக்குத் துளசி, தைமுக்கு ஓமம். மார்ஜோரத்துக்கு மரிக்கொழுந்து, அதற்கு மார்க்கெட் பூக்கடை.

பூக்கடை ஆறுமுகத்தாய் மரிக்கொழுந்தை எடுத்துக்கொண்டே கேட்டாள், "எந்தச் சாமிக்குய்யா?"

"சாமிக்கு இல்லக்கா. இத்தாலிக்கு."

"அது எங்கன இருக்கு? புதுக்கோட்டை தாண்டியா?"

"இல்லக்கா, இது சாப்பிட."

ஆறுமுகத்தாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மரிக்கொழுந்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம், "பாவம், சின்ன வயசு," என்றாள்.

அப்படிச் சேர்த்த இலைகள்தாம் இப்போது மாடியில் வாட மறுத்துக் கிடந்தன. மறுநாள் ஆபீஸில் மெல்வினிடம் சொன்னான். மெல்வின் எதற்கும் வழி வைத்திருப்பவன்.

"இது ஒரு விஷயமாலே சாமி? தருவைகுளத்துல எங்க மாமா களம் இருக்கு. வெட்டவெளி, நல்ல வெயிலு. ஒரே நாள்ல மொறுமொறுன்னு காஞ்சிரும்."

"என்ன களம்?"

"காய வைக்கிற களம்லே. குடு இங்கன."

சனிக்கிழமை சாயங்காலம் மெல்வின் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். இலைகள் அப்பளம் போல நொறுங்கின. ஆராவமுதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் மகிழ்ச்சியில் வந்தது. பையை இன்னும் அகலமாகத் திறந்த பிறகு வேறு காரணத்தால் வந்தது.

"மெல்வின், இது என்ன வாசனை?"

"எந்த வாசனை?"

"அங்க என்ன காய வைப்பாங்க?"

"கருவாடுதான். ஆனா நீ ஐயருப் பையன்னு தெரியாதாலே எனக்கு? ரெண்டையும் கலக்கவே இல்ல. நெத்திலி மேல் வலையில, உன் இலை கீழ் வலையில."

"நான் ஐயங்கார்."

"சரி, அதுக்கும் சேத்துத்தான் தனி வலை."

மெல்வின் நல்ல காரியம் செய்த திருப்தியோடு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான்.

புதிதாக இலை வாங்கிக் காய வைக்க நேரமில்லை. ஆராவமுதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நொறுக்கிப் பாட்டிலில் போட்டான். திறந்து மோந்தால் தருவைகுளம் முழுவதும் அறைக்குள் வந்து நின்றது. கெட்ட வாசனைக்கு என்ன செய்வது? அவன் வளர்ந்த ஊரில் அதற்கு ஒரே மருந்துதான். பச்சைக் கற்பூரம். கோயில் தீர்த்தத்துக்குப் போடுவதுபோல ஒரு சிட்டிகை போட்டான். நெத்திலி அசையவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டான். இரண்டு ஏலக்காய் பொடித்துப் போட்டான்.

இப்போது கருவாட்டு வாசனை பின்னால் போனது. பாட்டிலைத் திறந்தால் பெருமாள் கோயில் கர்ப்பகிரகம். அவனை அறியாமல் வலது கை தீர்த்தம் வாங்கக் குழிந்தது.

ஜெமிமாவுக்குப் போன் செய்தான்.

"பூண்டுப்பொடி போட்டியா ஆரா? அதுதான் முக்கியம்."

அவன் பூண்டே வாங்கவில்லை. பூண்டு வாங்குவதில்லை என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். மீனைத் தடுக்க முடியவில்லை. பூண்டையாவது தடுக்கலாம் என்று தோன்றியது. டிவியில் எந்தச் சமையல்காரர் பூண்டு என்று சொன்னாலும் அம்மா சமையலறையிலிருந்தே, "அதுக்குப் பதிலா நம்மாத்துல பெருங்காயம்," என்று திருத்துவாள்.

"போட்டுட்டேன் ஜெமி," என்று சொல்லிவிட்டு, பெருங்காயத்தைத் தேடி எடுத்துப் போட்டான்.

போட்ட பிறகு மோந்து பார்த்தான். கோயில் போய் ரசம் வந்திருந்தது. ரசத்தை அமுக்க ஓமம் சேர்த்தான். இப்போது அது எதைப் போலவும் இல்லை. எல்லாவற்றையும் போலவும் இருந்தது. பிறந்தது முதல் தான் மோந்த எல்லாம் அந்த ஒரு பாட்டிலுக்குள் இருப்பதாக அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பெர்சி வீட்டார் திரும்பியபோது ஆராவமுதன் வாசலில் நின்றான். ஜெமிமா அவனைக் குசினிக்கு இழுத்துப் போனாள். பாஸ்தா வெந்திருந்தது. அவள் அம்மா ஞானசௌந்தரி தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெமிமா பாட்டிலைத் திறந்தாள், உடனே மூடினாள்.

"ஆரா, இது என்ன?"

"இத்தாலியப் பொடி."

"ஏன் ஜலதோஷத்துக்குப் போடுற மருந்து மாதிரி இருக்கு? இரு... இது... கருவாடா?"

"தனி வலைதான் ஜெமி."

"பூண்டு எங்க?"

"அதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் கண் கலங்கியிருந்தது.

"நம்ம கதை முடிஞ்சுது," என்றாள் மெதுவாக. "கடை பாட்டில் ஒண்ணு இருக்கு. அதைத் தூவிருவோமா?"

"அதை வைக்கோல்னு கண்டுபிடிச்சிருவார். அதுவுமில்லாம, என் கையால செஞ்சதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஞானசௌந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏளா, தள்ளு. வாரது வரட்டும்." பாட்டிலை வாங்கி, குழம்பு ஊற்றிய பாஸ்தா மேல் தாராளமாகத் தூவிவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தும்மினாள்.

மேசையில் பெர்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜோன்ஸ் ஏற்கெனவே தட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ஒல்லியான, பேச்சைவிடச் சாப்பாட்டில் அக்கறையுள்ள மனிதர்.

பெர்சி தட்டை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. ஜெமிமா ஆராவமுதனின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். பெர்சி ஒரு வாய் சாப்பிட்டார். மெல்லுவதை நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்கிள், தண்ணி தரட்டுமா?" என்றான் ஆராவமுதன்.

பெர்சி கையை உயர்த்தித் தடுத்தார். கண்ணைத் திறந்தபோது இமையோரம் நனைந்திருந்தது.

"இதேதான்," என்றார்.

"எது?"

"இதேதாம்லே! அதே பொடி! அதே வாசம்! அந்தக் கடைசியில ஒரு மீன் வாடை லேசா வருது பாரு, அதுகூட! கப்பல் நடுக்கடல்ல நிக்குத மாதிரியே இருக்கு!"

ஆராவமுதன் ஜெமிமாவைப் பார்த்தான். ஜெமிமா ஞானசௌந்தரியைப் பார்த்தாள். ஞானசௌந்தரி பாட்டிலைப் பார்த்தாள்.

"கேலி பண்ணாதீங்க அங்கிள். தப்பா இருந்தா சொல்லிருங்க."

"கேலியா? எம் மவ கல்யாணத்துல கேலி பண்ணுவேனா? இத்தாலிக்காரங்கிட்ட நேர்ல படிச்சாத்தான் இந்தக் கைப்பக்குவம் வரும். யாருகிட்டப் படிச்ச?"

"யாருகிட்டயும் இல்ல. எங்க வீட்டுல... எல்லாத்துக்கும் இதைத்தான் போடுவோம். கொஞ்சம் பச்சைக் கற்பூரம், ஏலக்காய், பூண்டுக்குப் பதிலா பெருங்காயம்..."

"இத்தாலிக்காரன் பெருங்காயம் போடுவானா?" பெர்சி குழம்பினார். மறுபடி ஒரு வாய் சாப்பிட்டார். குழப்பம் கூடியதே தவிர ருசி குறையவில்லை. "எப்படியோ போகட்டும். வாக்கு வாக்குதான். ஏளா சௌந்தரி, மாப்பிள்ளைக்கு இலை போடு. மீன் இல்லாம."

ஜெமிமா அழுதுகொண்டே சிரித்தாள். ஆராவமுதன் மட்டும் இன்னும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ஜோன்ஸு, நீயாவது சொல்லு," என்றார் பெர்சி. "ஆழ்வார்திருநகரிப் பையனுக்கு அந்த இத்தாலிக்காரன் மாரியோவோட கைருசி எப்படிலே வந்தது?"

ஜோன்ஸ் தட்டை வழித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த இத்தாலிக்காரன்லே? மாரியோங்கிறது கேப்டன் வச்ச பேரு. தூத்துக்குடிக்காரன் உங்கிட்ட வாயத் தொறந்தா, கப்பல்ல சமைக்கிறது ஊருக்குத் தெரிஞ்சிரும்னுதான் அந்த மனுசன் பேசாமலே இருந்தாரு, அந்தத் தொப்பிய ஒருநாள் கழட்டியிருந்தா உள்ள தென்திருப்பேரை ஐயங்கார் குடுமியப் பார்த்திருப்ப!"